வெள்ளிக்கிழமைப் பெட்டைகள்

கணினியை மேசைமேலேயே வை, ஹில்டே. விரிப்பு பழையதுதான், தூசி பட்டால் துவைத்துக்கொள்ளலாம். காபி ஆறுவதற்குள் குடி. பிஸ்கட் உனக்குப் பிடித்த கடையில் வாங்கியதுதான்.

பழைய கணினிகளில் கடிகாரம் வேகமாக ஓடுவது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மெதுவாக ஓடுவதுதான் வழக்கம். உள்ளே இருக்கும் சின்னப் பேட்டரி தீரும்போது தூங்கி வழியும். வேகமாக ஓடுவது கொஞ்சம் அபூர்வம், ஆனால் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலேயே நான் இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன். உன் அப்பாவின் புறாக்கூட்டில் இருந்த இந்தக் கணினியும் அந்த ரகம்தான். ஒரு நாளைக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னே ஓடும். நீ அதைச் சமையலறையில் வைத்து ஒரு வாரம் கவனித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய். வாசலில் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"ரெமி மாமா, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியும். தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாய். ஆனால் நான் இத்தனை வாரம் இதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் கோளாறு என் கண்ணில் படவில்லை என்று நினைத்துக்கொண்டு போவாய். அது எனக்குப் பிடிக்காது. நான் உன் அப்பா ஆஷீலைவிடப் புறாவில் மட்டமானவனாக இருந்திருக்கலாம், வேலையில் மட்டமானவன் இல்லை.

உனக்குப் புறாப் பந்தய விஷயம் பாதிதான் தெரியும். பதினெட்டு வயதில் கெண்ட் நகரத்துக்குப் படிக்கப் போனாய், அதோடு சரி. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

போன வருடம் மார்ச் கடைசியில் கோடை நேரத்துக்காக எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம் அல்லவா, அன்றைக்குத்தான் ஆஷீல் என்னைக் கூப்பிட்டான்.

"டேய் ரெமி, என் பொட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. ஒரு மணி நேரம் தள்ளி வெக்கலாம்னு போறேன், அது ஏற்கெனவே அரை மணிக்கு மேல முன்னால நிக்குது."

"அதுக்கு உன்னைவிட அறிவு ஜாஸ்தி. சீசனுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றேன்.

"பேசாத. வந்து பாரு. காபி போட்டு வெக்கிறேன்."

போனேன். கோடை நேர மாற்றத்தால் வந்த குழப்பமாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்த்தேன். அது காரணமாக இருந்தால் பிசகு முழு மணிக்கணக்கில் இருக்கும், இப்படி இடையில் நிற்காது. பேட்டரியை மாற்றினேன், பயனில்லை. இணையத்தோடு இணைந்திருந்தால் அதுவாகவே சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும், ஆனால் கூடு தோட்டத்தின் கடைசியில் இருக்கிறது, உன் அப்பாவும் அதற்குச் சம்மதிக்கவில்லை. "புறாவுக்கு எதுக்குடா இன்டர்நெட்? அதுங்க வழி கேட்டுட்டா வருது?" என்றான். சரி, அப்படியானால் அளந்துதான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சரியான நேரம் வைப்பது, அடுத்த ஞாயிறு எவ்வளவு முன்னே போயிருக்கிறது என்று பார்ப்பது. மறுபடி சரியாக வைப்பது, மறுபடி பார்ப்பது. பிசகு தாறுமாறாக இருந்தால் ஒரு காரணம், சீராக இருந்தால் இன்னொரு காரணம். யாரிடம் வேண்டுமானாலும் கேள், முறையான வேலை அது. அதைத் தொடங்கும்போது என் மனதில் வேறெதுவும் இல்லை.

இதற்குள் பயிற்சி தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் ஆண் புறாக்களையும் பெட்டைகளையும் தனித்தனியாகத்தான் வைப்போம், தனித்தனியாகத்தான் பறக்கவிடுவோம். செவ்வாய்க்கிழமை ஆண்கள், வெள்ளிக்கிழமை பெட்டைகள். என் கூட்டுப் புறாக்களும் அவன் கூட்டுப் புறாக்களும் ஒரே வண்டியில். பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் கியேவ்ரேன் வரைக்கும் கொண்டுபோய்க் கூடைகளைத் திறந்துவிடுவோம். நான் கைப்பேசியைப் பார்த்து நேரம் சொல்வேன், அவன் குறித்துக்கொள்வான். அப்புறம் ஒரு காபி, வழியில் உருளைக்கிழங்கு வறுவல். நாங்கள் வீடு வந்து சேர்வதற்கு முன்பே புறாக்கள் வந்துவிடும். ஒவ்வொன்றின் காலிலும் மின்னணு வளையம். நுழைவுப் பலகையில் கால் வைத்த உடனே கணினி நேரத்தைப் பதிந்துகொள்ளும்.

அதாவது அவை வரும்போது பார்க்க ஆளில்லை. உன் அம்மா இருந்த வரைக்கும் தோட்டத்தில் நின்று பார்ப்பாள். அவள் போன பிறகு கணினி சொன்னதுதான்.

ஞாயிறு சரியாக வைத்துவிட்டால் வாரம் முழுக்க அது சரியாக இருக்கும் என்று ஆஷீல் நினைத்துக்கொண்டான். ஞாயிறு சரியாக வைத்த கடிகாரம் செவ்வாய்க்கிழமை அதிகம் விலகியிருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் நாலைந்து நிமிடம் ஓடிவிடும். ஆகவே ஆண்கள் கிட்டத்தட்ட நேரத்துக்கு வந்ததாகவும், பெட்டைகள் ஒவ்வொரு வாரமும் தாமதமாக வந்ததாகவும் கணினி காட்டும். பக்கத்திலேயே என் கூடு, என் பெட்டைகள் அதே கூடையிலிருந்து பறந்து சரியான நேரத்துக்கு வந்திருக்கும். முக்கால் மணி நேரப் பறப்பில் அஞ்சு நிமிடம் என்றால் புறாக்காரனுக்கு அது மானக்கேடு. வந்து சேர்ந்தும் கூட்டுக்குள் நுழையாமல் கூரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற புறா என்று அர்த்தம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்கு நாங்கள் ஆண்களை மட்டும்தான் அனுப்புவோம், பெட்டைகளைப் பறக்கவிட்டுப் பார்ப்பது குஞ்சுகளின் வேகத்துக்காக; பந்தயத்துக்குப் புறாக்காரர் சங்கம் கொடுக்கும் கடிகாரம் வேறு. அதை முடுக்கி முத்திரை வைப்பதே என் பொறுப்புதான், அதில் நான் ஒருநாளும் கைவைத்ததில்லை. எத்தனையோ வருடமாக உன் அப்பா முதலாவதாகவும் நான் மூன்றாவதாகவும் வந்ததெல்லாம் அந்தக் கடிகாரத்தின்படிதான். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

கடிகாரத்தை அளக்கத் தொடங்கி இரண்டு வாரம் முடிந்த ஞாயிறு. வழக்கம்போல் மதியம் உன் அப்பா வீட்டில் சூப். நான் முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டேன்.

"யாருடா இது?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன், நாங்கள் எப்போதும் அப்படித்தான் கேட்போம்.

"செம்பி. ரெண்டு வெள்ளிக்கிழமையும் அஞ்சு நிமிஷம் லேட்டு. கூரைமேல உக்காந்து சீமாட்டி கணக்கா வேடிக்கை பார்த்திருக்கா. எங்கூட்ல அதெல்லாம் நடக்காது."

அந்தக் கரண்டியோடுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதுவரைக்கும் நான் கடிகாரத்தை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். செம்பி தாமதமாக வரவில்லை. என் பெட்டைகளோடு சேர்ந்தே வந்திருக்கிறாள். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைத்தான் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். சொன்னால் ஆஷீல் எழுந்து வெளியே போய்த் தோட்டத்தில் நிற்பான், அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டான். செத்த புறாவுக்காக அவன் மனதை ஏன் நோகடிப்பது என்று நினைத்தேன். சூப்பைக் குடித்து முடித்தேன். நன்றாக இருந்தது, செலரி அதிகம் போட்டிருந்தான்.

அந்த வாரம்தான் நீ எனக்குத் தொலைபேசியில் பேசினாய். நினைவிருக்கிறதா?

"மாமா, டாக்டர் சொல்லிட்டாரு. புறா தூசிதான் அப்பா நுரையீரலைக் கெடுக்குதாம். நான் சொன்னா கத்துறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. எப்படியாச்சும் புறாவை விட வைங்க."

எப்படியாவது. அது உன் வார்த்தை. உன்மேல் பழி போடவில்லை, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான். நான் சொன்னால் கேட்பான் என்று நீ நினைத்ததுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆஷீல் புறா விஷயத்தில் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. "நீ ஒயரைப் பாரு, நான் புறாவைப் பாக்குறேன்" என்பான். சங்கத்தில் எல்லார் முன்னாலும் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அடுத்த ஞாயிறு கோளாறைக் கண்டுபிடித்தேன். பிசகு ஒரே சீராக இருந்தது, வாரத்துக்கு வாரம் மாறவே இல்லை. என் தொழிலில் அது நல்ல பிசகு. இந்தக் கணினிக்குள் காலத்தை எண்ணும் எண்ணிகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. தொடங்கும்போது எதைப் பின்பற்றுவது என்று அது தானே முடிவு செய்துகொள்கிறது. இது தவறான எண்ணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பிடி என்று ஒரே ஒரு வரி எழுதி, ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும். நான் அந்த வரியை எழுதிவிட்டேன். உள்ளே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஆஷீல் பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தான். ஆழமான இருமல், ஹில்டே. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இருமினான்.

வரியை அழித்தேன். நேரத்தை மட்டும் சரியாக வைத்தேன்.

"ஆச்சா?" என்றான்.

"ஆச்சு. இனி பிரச்சினை இல்ல."

"பொழைச்சேன். நீ இல்லன்னா இந்தக் கருமத்தையெல்லாம் யாருடா பாக்குறது" என்று என் முதுகில் தட்டினான்.

அப்போது அவன் நுரையீரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும். வெண்சிறகியையும் கொஞ்சம் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

வெண்சிறகியை நீ பார்த்திருப்பாய். சாம்பல் நிறம், வலது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு. அவள் அம்மாவும், அம்மாவின் அம்மாவும் இந்தக் கூட்டில்தான். ஆஷீல் வாங்கிய கோப்பைகளில் பாதிக்கு மேல் அந்த வம்சம் வாங்கியது. பல வருடமாக அந்த வம்சத்தில் ஒரு குஞ்சு கேட்டுக்கொண்டிருந்தேன். விலை கொடுக்கிறேன் என்றும் கேட்டேன். "என் வீட்டு ரத்தம் என் வீட்லயே இருக்கட்டும்" என்பான். அவள் வாராவாரம் தாமதமாக வந்தால் அவளைப் பற்றிய அவனுடைய எண்ணம் மெல்ல இறங்கும், ஒருநாள் "எடுத்துட்டுப் போடா, சனியனை" என்று கூடையில் போட்டுக் கொடுத்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. புறாவுக்கு நல்ல இடம், அவனுக்குத் தூசி குறையும், எனக்கு நான் கேட்டது கிடைக்கும்.

அது முதல் ஞாயிறுதோறும் அவன் சூப் வைக்கும் நேரத்தில் நான் கூட்டுக்குப் போய் நேரத்தைச் சரியாக வைத்துவிடுவேன், பிசகு கண்ணில் படும் அளவுக்கு வளராது. ஆனால் அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கியேவ்ரேனிலிருந்து திரும்பியதும் இருவரும் கூட்டுக்குள் நின்றோம். அவன் கணினியைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரெமி, இது மறுபடியும் முன்னால ஓடுது போல. என் வாட்ச்ல பத்தாகல, இதுல பத்து தாண்டிருச்சு."

"உன் வாட்ச் எந்தக் காலத்து வாட்ச்?"

"இவ அம்மா வாங்கிக் கொடுத்ததுடா." இவள் என்றது உன்னை. சுவரில் உன் படம் மாட்டியிருக்குமே, அதைக் காட்டினான்.

"அதான் சொல்றேன். பாவம், அதுக்கும் வயசாகுது."

"கோயில் மணிகூட இன்னும் அடிக்கலையே?"

"நம்ம கோயில் மணி என்னிக்கு நேரத்துக்கு அடிச்சிருக்கு? பாதிரியார் சாப்பிட்டு முடிச்சாதான் அடிக்கும்."

சிரித்தான். அவன் சிரித்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ஊருக்குள் கடிகாரக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். கடைக்காரர் வாட்ச் சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அவன் முகம் சரியில்லை. "அப்ப நான்தான் தப்பாப் பார்த்தேன் போல. கண்ணா, மண்டையான்னு தெரியல" என்றான். நான் வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்த வாட்சைக் கட்டவில்லை. மேசை இழுப்பறையில் காலுறைகளோடு கிடந்ததாகச் சொன்னாயே, அதனால்தான் அது அங்கே வந்தது.

பெட்டைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வெள்ளி மாலை கணக்குப் பார்ப்பான், சனிக்கிழமை காலை முடிப்பான், ஞாயிறு சூப். சில வாரம் பட்டாணி போட்டு வறுப்பான். கொல்லும்போது புறாவிடம் பேசமாட்டான், என்னைப் பார்க்கவும் மாட்டான். கட்டைவிரல் ஒரு பக்கம், ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பது புரிகிறது. நம் ஊரில் எல்லாப் புறாக்காரர்களும் செய்வதுதான் அது, நானும் என் கூட்டில் செய்கிறேன். மெதுவாக வரும் புறாவை வைத்துக்கொண்டு தீனி போடுவதில்லை. வித்தியாசம் ஒன்றுதான், அவனுடைய புறாக்கள் மெதுவாக வரவில்லை.

ஜூன் மாதத்தில் வெண்சிறகியின் முறை வந்தது. அந்தச் சனிக்கிழமை நான் காலிக் கூடையோடு போயிருந்தேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆஷீல் அவளை இடது கையில் பிடித்து, பூதக்கண்ணாடியால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைப் பார்த்துப் புறாவின் தரத்தைச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும்.

"என்னால நம்ப முடியலடா. இந்தக் கண்ணைப் பாரு. இப்படி ஒரு கண்ணு இருக்குறவ எப்படி லேட்டா வருவா?"

"மெஷினுக்கு ஆசாபாசம் கிடையாது, ஆஷீல்" என்றேன்.

"ஆறு வாரமா?"

"ஆறு வாரமாத்தான்."

கண்ணாடியைக் கீழே வைத்தான். இதுதான் நேரம் என்று நினைத்து, "அவளை எனக்குக் குடுத்துடு. சும்மா எங்கூட்ல கிடக்கட்டும்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். இரக்கப்பட்டுப் பார்த்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"பைத்தியமா உனக்கு? நல்லா இருந்தப்பவே நான் குடுக்கல. இப்ப கெட்டுப்போன பொறாவை உன் தலையில கட்டவா? அவ குஞ்சுங்க உன் கூட்டையே கெடுத்துரும். எனக்கு நீ ஒருத்தன்தான்டா சிநேகிதன்."

நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடிகாரம். அதற்கு மேல் எதுவும் விளக்கியிருக்க வேண்டியதில்லை, அவனே புரிந்துகொண்டிருப்பான். அவன் கட்டைவிரலை வைக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தில் மண் இருந்தது. அதற்குப் பிறகு அவளைத் தரையில் வைத்தான், அந்த வெள்ளை இறகு கொஞ்ச நேரம் அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போனேன். கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். சூப் குடித்தேன். ஆஷீல் குடிக்கவில்லை, ரொட்டி மட்டும் தின்றான்.

வெண்சிறகி போன பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று நீ இப்போது கேட்கப்போகிறாய். நானும் என்னையே கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் இனி அந்தக் கூட்டில் இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அந்த வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. எழுதவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கோடையில்தான் ஆஷீல் முதல்முறையாக என்னிடம் யோசனை கேட்டான். "நீ உன் பெட்டைகளுக்கு என்னடா தீனி போடுற? எத்தனை மணிக்குத் திறந்துவிடுற? உன்னுதுங்க எப்படி இப்படி வருது?" என்று கேட்பான். கேட்டுவிட்டு நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். நான் சொன்னபடி மக்காச்சோளத்தைக் குறைத்தான், நான் சொன்ன கடையில் தீனி வாங்கினான். சங்கத்தில் ஒருநாள் எல்லார் முன்னாலும், "பெட்டைங்க விஷயம்னா ரெமியைக் கேளுங்கடா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

அது ஒரு சின்ன ஆசை. அதற்காக மட்டும் யாரும் இவ்வளவு தூரம் போகமாட்டார்கள். அடிப்படைக் காரணம் அவன் நுரையீரல்தான்.

ஆகஸ்டுக்குள் பெட்டைகள் முடிந்தன. பெட்டைகள் இல்லாத கூட்டுக்கு ஆண் புறாக்கள் எதற்காக அவசரப்பட்டு வரும்? நம் முறையே அதுதானே. கூடையில் ஏற்றுவதற்கு முன் ஆணுக்கு அவன் பெட்டையைக் காட்டுவோம், அவளுக்காகத்தான் அவன் பிரான்சிலிருந்து பறந்து வருகிறான். பெட்டை இல்லாத காலி அறைகளைப் பார்த்துப் பழகிய ஆண்கள் பாதி வழியில் வேறு கூடுகளில் இறங்கின. சில வரவே இல்லை. இந்தமுறை சங்கத்துக் கடிகாரமும் அதையே சொன்னது. ஆஷீல் மிச்சமிருந்ததைச் சந்தையில் கொடுத்துவிட்டு வந்து, கூட்டைக் கழுவினான். நானும் உதவினேன். பல வருட எச்சம், சுரண்டிச் சுரண்டிக் கழுவினோம். நீ அன்றைக்குத் தொலைபேசியில் அழுதுகொண்டே நன்றி சொன்னாய்.

டாக்டரும் சந்தோஷப்பட்டார். அக்டோபரில் எடுத்த படத்தில் நுரையீரல் தெளிவாக இருந்தது. இருமல் போய்விட்டது. உன் அப்பா சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான், வானம் தெரிகிற பக்கம் இல்லை, தெருப் பக்கம். நான் தினமும் போனேன். சீட்டாடலாமா என்பேன், வேண்டாம் என்பான். சாப்பிட்டாயா என்பேன், பசிக்கவில்லை என்பான். டிசம்பரில் சட்டைக் காலருக்குள் அவன் கழுத்து சின்னப் பையன் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. இதயம் பலவீனம் என்று எழுதினார்கள். எழுதுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டுமே.

பிப்ரவரியில் மருத்துவமனையில் அந்தக் கடைசி மதியம், நீ மெஷினில் காபி எடுத்து வரக் கீழே போயிருந்தாய். திரும்பி வந்தபோது அவன் கண்ணை மூடியிருந்தான். முகம் நிம்மதியாக இருந்தது. "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்று கேட்டாய், "சும்மா, புறா பத்தி" என்றேன். என்ன பேசினோம் என்பதைத்தான் நீ இப்போது கேட்கிறாய் என்று நினைக்கிறேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமே இல்லை.

"ரெமி, ஒண்ணு கேக்கணும். நெஜத்தைச் சொல்லு. நீ ஒருத்தன்தான் பக்கத்துல இருந்து பார்த்தவன்."

"கேளு."

"வெண்சிறகியோட கண்ணு இன்னும் என் முன்னாலயே நிக்குதுடா. அந்தக் கண்ணு அப்படிச் சொல்லல. நான் அவசரப்பட்டுட்டேனா? பெட்டைங்க எல்லாரும் நெஜமாவே லேட்டாதான் வந்தாங்களா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று நீ சொல்வாய். எனக்கும் தெரிந்தது. ஆனால் அவன் கேட்டது ஒரே கேள்வி, அவனுக்கு வேண்டியதும் ஒரே பதில்.

"லேட்டாதான் வந்தாங்க, ஆஷீல்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்ப நான் செஞ்சது சரிதான்."

"சரிதான்."

கண்ணை மூடிக்கொண்டான். நீ காபியோடு உள்ளே வந்தாய்.

என்னை அப்படிப் பார்க்காதே, ஹில்டே. சாகக் கிடக்கிறவனிடம் நான் பொய் சொல்லவில்லை. இந்தக் கடிகாரத்தின்படி அவை தாமதமாகத்தான் வந்தன.